பன்னிரண்டு கட்டு யாளி

ஒரு யாளியின் வால் மட்டும், உடம்பு இல்லாமல், விடிந்ததும் உங்கள் வீட்டு வாசலில் வந்து சுருண்டு கிடந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

அமுதவல்லி முதலில் அதைத் தாண்டிப் போய்ப் பால் வாங்கி வந்தாள். பால்காரர் காத்திருக்க மாட்டார், வால் எங்கே போய்விடப் போகிறது. பாலைக் காய்ச்சி இறக்கி, பிள்ளைகள் இரண்டையும் தட்டி எழுப்பி, இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு, அப்புறந்தான் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நகந்துக்கோ, தண்ணி தெளிக்கோணும்" என்றாள். வாலும் நகர்ந்தது. நகர்ந்ததோடு நிற்காமல், தன் நுனியில் இருந்த குஞ்சத்தால் வாசலை மூலைக்கு மூலை பெருக்கியும் விட்டது. பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து தைத்து, வீட்டுக்கு வந்தால் சீமாறு பிடிக்கக் குனிய முடியாத ஒருத்திக்கு, கடவுள் கையைக் கொடுக்காவிட்டாலும் ஒரு வாலைக் கொடுத்தாரே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏழு பத்துக்குக் கம்பெனி வேன் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அமுதவல்லி சொன்னாள்: "எங்க வூட்டுக்கு ஒரு வாலு வந்திருக்குது."

"எத்தனை நீளம்?" என்று கேட்டாள் பின்சீட்டு ஷகிலா.

"துணிக்கொடி நீளம் இருக்கும்."

"அப்ப ரெண்டும் ஒரே யாளியோடதுதான். தும்பிக்கை எங்க வூட்டுக் குழாயடியில இருக்குது. காத்தாலருந்து மூணு குடம் ரொப்பிக் குடுத்துருச்சு, பாவம்."

அண்ணமார் வீதியிலிருந்து ஏறிய நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு கால் வந்திருந்தது. ரங்கநாயகி வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், தலையும் காலும் இல்லாத ஒரு பெரிய உடம்பு, சாய்த்துப் போட்ட நெல்லுக் குதிர் மாதிரிக் கிடந்தது. அவள் ஆடுகள் அதற்குள் அதன்மேல் சாய்ந்து படுக்கப் பழகிவிட்டன. வேனை ஓட்டும் சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்து, "என்ற வேன்ல பன்னெண்டு பேருக்குத்தான் சீட்டு. யாளி கீளின்னு எதையாச்சும் ஏத்துனீங்க, சாவியக் குடுத்துட்டு நான் போயிருவேன்" என்றார்.

சன்னலோரம் உட்கார்ந்திருந்த கோகிலவாணி மட்டும் வெளியே ஓடுகிற மரங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டு அரிசி டிரம்முக்குள் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதைவிட, இதெல்லாம் யாரால் வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளால்தான்.

நடந்தது இதுதான். கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற மெர்சி, நாகர்கோவில் பக்கத்துப் பெண், மாயக்கதைப் பைத்தியம். உலகத்தில் எந்த மூலையில் எந்த மாயக்கதையை எவர் படித்து எவருக்குச் சொன்னாலும் அது அன்று சாயங்காலத்துக்குள் மெர்சியின் போனுக்கு வந்துவிடும். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்க்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில், அவள் அதைக் கோகிலவாணிக்குச் சொல்லிவிடுவாள். கண்ணாடிக்குள் பள்ளிக்கூடம் நடத்தும் சூனியக்காரிகள் கதை, கடலுக்கடியில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் சந்தைக் கதை, வால்நட்சத்திரத்துக்குப் பரிசம் போடப் போன இளவரசன் கதை. கோகிலவாணி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவள், ஐந்து வயது தர்ஷினிக்கு அம்மா, ஓவர்லாக் மெஷினில் கம்பெனியிலேயே வேகமான கை. வேனில் போகிற ஒரு மணி நேரமும் வருகிற ஒரு மணி நேரமும்தான் அவளுக்கென்று இருந்தது. அந்த நேரத்தை அவள் மெர்சி சொல்லும் கதைகளுக்கு எழுதி வைத்துவிட்டாள். அவள் அவற்றை அமுதவல்லிக்குச் சொல்ல, அமுதவல்லி ஷகிலாவுக்குச் சொல்ல, இப்படியே வேன் முழுக்கத் தொற்றிப்போய், சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த வேனில், "அந்த இளவரசனுக்குப் புத்தியே இல்லீங்க்கா, நானா இருந்தா நட்சத்திரத்தோட தங்கச்சியக் கட்டியிருப்பேன்" என்கிற பேச்சு ஓட ஆரம்பித்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மெர்சி ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் 'கருங்குன்றத்து யாளி'.

"அக்கா, இந்த மாசம் மாயக்கதை படிக்கிற எல்லாரு வாயிலயும் இந்தப் பேருதான். என் கூட்டுக்காரி ஒருத்தி சோறு திங்காம படிச்சு மயங்கி விழுந்துட்டா. நீங்க படிச்சே ஆவணும், புக்கு உங்களுக்குத்தான். நான் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போறேன், ஒரு மாசம் கழிச்சு வந்ததும் எங்கிட்ட ஒரு வரி விடாம பேசணும்."

முந்நூற்று முப்பத்தாறு பக்கம். வேனில் பன்னிரண்டு பேர். சாயங்காலம் புத்தகத்தைக் கண்டதும் மற்ற பதினோரு பேரும், எனக்குத்தான் முதலில் என்று கையை நீட்டினார்கள். நீட்டியதில் அட்டை ஒரு மூலையில் கிழிந்தது. கோகிலவாணிக்கு ஒரு யோசனை தோன்றியது. நம்மைப் போலக் கம்பெனியில் லைனில் உட்காருகிறவர்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

"ஒரு பனியனை முழுசா ஒருத்தியா தைக்கறோம்? கழுத்து ஒருத்தி, கை ஒருத்தி, பக்கம் ஒருத்தின்னு கட்டுக்கட்டாப் பிரிச்சுத்தான தைக்கறோம்? இதையும் கட்டாப் பிரிச்சிரலாம். ஆளுக்கு இருவத்தெட்டுப் பக்கம். படிச்சு முடிச்சவ அடுத்தவளுக்குத் தள்ளி விடுங்க. பன்னெண்டு நாள்ல பன்னெண்டு பேருக்கும் புக்கு முடிஞ்சிரும்."

"அட, ஆமா!" என்றது வேன். கோகிலவாணி பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்து முதுகுத் தையலைப் பிரித்து, பன்னிரண்டு கட்டாக்கி, ஒவ்வொன்றையும் நூல் சுற்றிக் கட்டி, கம்பெனியில் செய்கிற மாதிரியே நம்பர் எழுதிய டோக்கனும் செருகிக் கொடுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசிக் கட்டு, பன்னிரண்டாம் நம்பர், பிசிறு வெட்டும் பழனாத்தாளுக்குப் போனது. ஐம்பது தாண்டியவள், தனி ஆள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கை மெதுவான ஆளை லைனின் கடைசியில் உட்கார வைப்பது கம்பெனி வழக்கம். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பழனாத்தாளும் கட்டை வாங்கி மாராப்பில் வைத்துக்கொண்டு சும்மா சிரித்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பன்னிரண்டு வீட்டிலும் படித்தார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் யாளி, அதைப் பிரித்த மாதிரியே, கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தது.

வந்ததை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், வெயிலை ஏற்றுக்கொள்கிற மாதிரிதான். முதல் வாரம் பார்க்க வந்தார்கள். இரண்டாம் வாரம் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி போடுவதை நிறுத்தினார்கள். கால்நடை டாக்டர் வந்து, தடுப்பூசி போடலாம்தான், எந்தப் பாகத்துக்குப் போடுவது என்று கேட்டுவிட்டுப் போனார். கிராம நிர்வாக அலுவலர் இது கால்நடையா, சொத்தா, விருந்துக்கு வந்த ஒறம்பரையா என்று தெரியாமல், ஒறம்பரை என்றே வைத்துக்கொள்வோம் என்றார். ஷகிலா வீட்டுத் தும்பிக்கை வீதிக்கே தண்ணீர் இறைத்தது. தந்தங்கள் வந்த வீட்டில் அவற்றை எதிரெதிராக நட்டு, குறுக்கே கயிறு கட்டித் துணி உலர்த்தினார்கள். பிடரிமயிர் வந்த வீட்டில் பிரசவித்த பெண் ஒருத்தி குழந்தையை அதில்தான் படுக்க வைத்தாள், குழந்தை அழுவதையே மறந்துவிட்டது. அண்ணமார் வீதிக் கால்கள் நாலும் சாயங்காலமானால் தாமாக ஒரு நடை போய், மூலைக் கடை வரைக்கும் வரிசையாக நடந்து திரும்பி வந்தன. அவற்றின் பின்னால் பிள்ளைகள் ஓடினார்கள்.

ஒன்றே ஒன்றுதான் கோகிலவாணி நினைத்த மாதிரி நடக்கவில்லை. கட்டு கைமாறினால் உறுப்பும் வீடு மாறும் என்பது இரண்டாம் நாளே எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. புரிந்ததும் கட்டுகள் நின்றுவிட்டன. இல்லாத பொய்யெல்லாம் சொன்னார்கள், இன்னும் நாலு பக்கம் இருக்குது, பையன் எங்கேயோ வெச்சுட்டான், கண்ணாடி உடைஞ்சு போச்சு. தன் கட்டைத் தராத ஒவ்வொருத்தியும் அதை மற்றவளுக்குப் பரிந்துரைப்பதை மட்டும் விடவில்லை.

"அஞ்சாங் கட்டைப் படிக்காதவ எல்லாம் மாயக்கதை படிச்சேன்னு வெளிய சொல்லாதீங்க," என்றாள் அமுதவல்லி.

"குடு, படிக்கறேன்."

"வாசல் யாரு பெருக்கறது, உங்க வூட்டுக்காரரா?"

"கதையில வர்ற அரசிக்கு உங்கட்டுல கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டாள் ரங்கநாயகி.

"எங்கட்டுல அவளுக்கு மவ இருக்குறா," என்றாள் ஷகிலா.

"எங்கட்டுல அவளே கொழந்தை! அப்ப நடுவுல யாரைக் கட்டுனா? சொல்லித் தொலைங்கடி, எனக்குச் சோறு எறங்கலை!" என்று கத்தினாள் முதல் கட்டுக்காரி.

பதினோரு பேரும் பின்சீட்டு மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். "பழனாத்தாக்கா, முடிவு என்னுங்க்கா ஆச்சு?"

"இன்னும் வர்லை கண்ணு. மூணாம் பக்கத்துல நிக்கறேன்," என்றாள் பழனாத்தாள்.

அவளுடைய பன்னிரண்டாங் கட்டோடு வந்தது யாளியின் குரல். கட்டிலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், குரல் மட்டும் இருந்தது. அவள் தாளிக்கும்போது அது லேசாக உறுமும். கதவைத் திறந்தால் ஒரு முழக்கம். டிவியை அவள் விற்றே விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கோகிலவாணி வீட்டில் ஏழாங் கட்டின் இதயம். சின்னப் பலாப்பிஞ்சு அளவு இருக்கும், தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய ரொட்டிக்கல் மாதிரி வெதுவெதுப்பு. அரிசி டிரம்மிலிருந்து எடுத்து, வெட்டுத் துணிகளை மெத்தையாக அடுக்கி, தர்ஷினியின் பழைய தூளியில் போட்டுத் தொங்கவிட்டாள். முதல் வாரம் அது ஓவர்லாக் மெஷின் ஓடுகிற வேகத்தில் படபடவென்று துடித்தது, வீட்டுப் பாத்திரமெல்லாம் தாளம் போட்டன. தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் தூளியில் காதை வைத்துக்கொண்டு, அன்றைக்கு யார் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று அதனிடம் சொல்லுவாள். இரண்டாம் வாரம் துடிப்பு கையால் தைக்கிற வேகத்துக்கு இறங்கியது. மூன்றாம் வாரம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிடலாம் போல் இருந்தது.

"அம்மா, அது தூங்குதா?" என்று கேட்டாள் தர்ஷினி.

கோகிலவாணி போய் ஊர் நர்ஸம்மாவைக் கூட்டி வந்தாள். நர்ஸம்மா குழாயை வைத்துக் கேட்டார், இடம் மாற்றி மாற்றிக் கேட்டார், கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நெஞ்சை மட்டும் தனியா வெச்சு எத்தனை நாளைக்குக் காப்பாத்தறது, அம்மிணி? உடம்போட சேத்துப் பாருங்க. இல்லீன்னா அடுத்த வாரம் தாண்டாது."

கோகிலவாணியின் புருசன் பூபதி, "நின்னுபோனாப் போவுது, பொதைச்சிரலாம்" என்று சொல்ல வாயெடுத்தவன், மகள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். கோகிலவாணி அன்று சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள். பிரித்தது தன் கத்தரி. இப்போது நின்றுபோகப் போவது தன் வீட்டுத் தூளியில் இருக்கும் ஓர் உயிர்.

வழி கிடைத்தது வேனில்தான். மறுநாள் சாயங்காலம் ரங்கநாயகி, தன் ஆறாங் கட்டு எவ்வளவு நல்லது என்று காட்ட, கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள், "அரசி கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே" என்பதோடு நின்றுவிட்டாள். கட்டு அங்கே முடிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்குத் தன் கட்டின் முதல் வரி மனப்பாடம். யோசிக்காமல், "ஒரு தொட்டிலும் அதில் ஒரு மலையின் நெஞ்சும் இருந்தன" என்று முடித்துவிட்டாள். வேனே ஆவென்று கத்தியது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்தப் புத்தகத்தில் ஒரு முழு வாக்கியத்தைக் கேட்கிறார்கள் இல்லையா!

வீட்டுக்கு வந்தால், ரங்கநாயகி வீட்டுப் பொடக்காலியில் இருந்த உடம்பு கோகிலவாணி வீட்டுச் சுவரோரம் வந்து படுத்திருந்தது. ஆடுகளும் கூடவே வந்திருந்தன. உள்ளே தூளியில் இதயம் ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், பழைய வேகத்தில் துடித்தது.

பிறகு யோசிக்க என்ன இருக்கிறது. பக்கம் பக்கத்தோடு சேர வேண்டும், அவ்வளவுதானே. தோளைக் கையோடு சேர்க்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் நிற்கும் களத்தில் எல்லாரும் கட்டோடு வர வேண்டும், முதல் கட்டிலிருந்து வரிசையாக ஒவ்வொருத்தியும் தன் கட்டை உரக்கப் படிக்க வேண்டும் என்றாள் கோகிலவாணி. வாலும் தும்பிக்கையும் போய்விடுமே என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "அரசி யாரைக் கட்டுனான்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று அவள் கேட்டதும் முணுமுணுப்பு படுத்துவிட்டது. வாசலை எப்போது வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம்.

பழனாத்தாள் மட்டும் வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் கோகிலவாணி அவள் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, நாளைக்கு வந்துருங்க."

"நான் எதுக்கு கண்ணு? நான் வந்தா லைன் நின்னு போயிரும்."

கோகிலவாணிக்கு முகம் சூடாயிற்று. "அப்படியெல்லாம் இல்லீங்க்கா."

"கடைசிக் கட்டை எனக்கு எதுக்குக் குடுத்தீன்னு எனக்குத் தெரியாதா? மெதுவான கையைக் கடைசில உக்கார வெச்சாத்தான் மத்தவிகளுக்குத் தடங்கல் இல்லை." கட்டிலுக்கடியில் குரல் ம்ம்ம் என்றது. "பாத்தியா, அதுவும் ஆமாங்குது. இருவத்தஞ்சு வருசமா கம்பெனில கடைசிலதான் உக்காந்திருக்கேன், அது போவுது. மூணு வாரமா ஆளாளுக்கு முடிவு என்ன, முடிவு என்னன்னு கேக்கறீங்களே, ஆரம்பம் என்னன்னு எனக்கு ஒருத்தியாச்சும் சொன்னீங்களா?"

கோகிலவாணி தரையைப் பார்த்தாள். "சொல்லலீங்க்கா. தப்புத்தான்." பிறகு, இதற்குமேல் சாமர்த்தியம் பேச ஒன்றும் இல்லாமல், "எங்க வூட்டுல இருக்கறது நின்னு போயிரும் போல இருக்குதுங்க்கா" என்றாள்.

பழனாத்தாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "இதுவும் போயிட்டா இந்த வூட்டுல எங்கூடப் பேச யாரு இருக்கறா? நீ போ கண்ணு. நான் ஒலை வெக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. களத்தில் ஊரே கூடிவிட்டது, பாய் கொண்டு வந்தவர்கள், போசியில் கூழ் கொண்டு வந்தவர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். கோகிலவாணி தூளித்துணியோடு இதயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அது ஏழு முறைதான் துடித்திருந்தது.

முதல் கட்டைப் படித்தார்கள், முதல் கால் வீதியைக் கடந்து வந்து நின்றது. இரண்டாங் கட்டைப் படித்தார்கள், இரண்டாங் கால் வந்து அதற்கு இணையாக நின்றது. கருங்குன்றத்தில் அக்கா தங்கை இருவர் பிறந்ததும், தங்கை குழந்தையிலேயே தொலைந்துபோனதும், அக்கா அரசியானதும், காவல் யாளி தொலைந்தவளைத் தேடி மலையிறங்கியதும் கட்டு கட்டாக வந்தன. கால் நாலும் வந்தன. அமுதவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஐந்தாங் கட்டைப் படிக்க, வால் வாசலைக் கடைசியாக ஒருமுறை பெருக்கிவிட்டு வளைந்து நெளிந்து வந்தது. ரங்கநாயகி படிக்க உடம்பு எழுந்து கால்களின்மேல் ஏறி உட்கார, ஆடுகள் இறங்கிக்கொண்டன. ஏழாங் கட்டு. கோகிலவாணி படிக்கப் படிக்க மடி லேசானது. முடித்துவிட்டுப் பார்த்தபோது தூளித்துணி வெறுமையாக இருந்தது, எதிரே நின்ற உடம்பின் விலாவுக்குள் ஏதோ ஒன்று, மெதுவாக, மிக மெதுவாக, தோலைத் தள்ளித் தள்ளித் தணிந்தது. தர்ஷினி ஓடிப்போய் அங்கே காதை வைத்துக்கொண்டாள்.

உச்சி வெயிலில் பிடரி வந்தது. தந்தங்கள் துணிக்கயிற்றோடு வந்தன. கண்ணும் காதும் வந்தன. அரசி கட்டியது யாரை என்று தெரிந்தபோது களமே எழுந்து நின்று விசிலடித்தது, "நாஞ் சொன்னேன்ல, அவனேதான், அந்தக் குதிரைக்காரனேதான்!" என்று ஷகிலா குதித்தாள். குதித்த மூச்சோடு பதினொன்றாங் கட்டைப் படித்தாள், தும்பிக்கை வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு யாளி முழுதாக நின்றது, சிங்கமும் யானையுமாய், வேனைவிட உயரமாய். வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. திறந்த வாயோடு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. முன்னங்கால்கள் மடங்கின.

"அம்மா, நின்னு நின்னு அடிச்சுது, இப்ப அடிக்கவே மாட்டேங்குது," என்றாள் விலாவில் காதை வைத்திருந்த தர்ஷினி.

அப்போது வேனின் பின்கதவு திறந்தது. பழனாத்தாள் இறங்கினாள். "ஆறு மணிக்கு முன்னாலயே வந்து உள்ள உக்காந்துட்டாங்க," என்றார் சென்னியப்பன். "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. பத்து மணி நேரமா ஒரு வரி விடாமக் கேட்டாங்க. நானுந்தான் கேட்டேன், அதை விடுங்க."

பழனாத்தாள் மாராப்பிலிருந்து கட்டை எடுத்தாள். "அது என்னைக் கூப்புடுதுன்னு நெனச்சுட்டிருந்தேன்," என்றாள் யாரையும் பார்க்காமல். "தொலைஞ்ச பிள்ளையக் கூப்புட்டுட்டு இருந்திருக்குது. நான் கட்டிலுக்கடியில போட்டு வெச்சுட்டேன்." பிறகு நிமிர்ந்து, "நான் கூட்டித்தான் படிப்பேன். அவசரம்னா இப்பவே சொல்லிப் போடுங்க" என்றாள்.

யாரும் அவசரம் என்று சொல்லவில்லை. கோகிலவாணி எழுந்து, களத்தின் நடுவில், எல்லாருக்கும் முன்னால், தன் பாயை விரித்துப் போட்டாள்.

பழனாத்தாள் உட்கார்ந்து, விரலை வரிக்கு அடியில் வைத்து, எ-ழு-ந்-த-து என்று ஆரம்பித்தாள். ஓர் எழுத்து, அப்புறம் ஓர் எழுத்து, அப்புறம் ஒரு சொல். ஒரு மணிக்கு எத்தனை பீஸ் என்று பழகிப்போன பதினோரு பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் கேழ்வரகு பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் நின்ற இடத்தில் ஊரே நின்றது, அவள் நகர்ந்தபோது ஊரே நகர்ந்தது. வேகமாகப் படித்தவர்கள் படித்தபோது கிடைக்காத ஒன்று அதில் இருந்தது. அடுத்த சொல் என்ன என்று படிக்கிறவளுக்கே தெரியாததால், கேட்கிறவர்களுக்கும் தெரியவில்லை, ஒவ்வொரு சொல்லும் மலைமுகட்டில் தலை நீட்டி ஏறி வருகிற ஆள் மாதிரி வந்தது. "சத்தமாங்க்கா," என்று யாரோ கெஞ்சினார்கள். அவள் குரல் உயர்ந்தது. ஏழு மலைக்கு அப்பால், கிழவியாகிவிட்ட தங்கை, ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள் என்ற வரியில் வெயில் மஞ்சளாகி வேன் கண்ணாடியில் விழுந்தது. யாளி தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என்ற கடைசி வரியைப் பழனாத்தாள் எழுத்துக் கூட்டாமல், விரலை எடுத்துவிட்டு, ஒரே மூச்சில் படித்தாள்.

பழனாத்தாள் வீட்டுக் கதவு படாரென்று திறந்துகொண்டது நாலு வீதிக்கும் கேட்டது. குரல் வந்தது. வந்து யாளியின் வாய்க்குள் புகுந்தது. யாளி கூப்பிட்டது. ஓட்டு வீடுகளின் ஓடுகள் எழும்பி அமர்ந்தன, கம்பெனிகளில் நிறுத்தி வைத்த மெஷின்கள் ஒரு தையல் போட்டு நின்றன, தர்ஷினி விலாவிலிருந்து காதை எடுத்துவிட்டு, "அம்மா, இப்ப உங்க மெஷினவிட வேகம்!" என்று கத்தினாள். கோகிலவாணி அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது, கோணி ஊசியை எடுத்துப் பன்னிரண்டு கட்டையும் அங்கேயே, வரிசை தப்பாமல், ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாள். நூலை வெட்டி, தைத்த புத்தகத்தை யாரிடமும் கேட்காமல் பழனாத்தாளின் கையில் கொடுத்தாள்.

களம் கலையவே இல்லை. எல்லாரும் எல்லாரையும் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்: குதிரைக்காரன் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா, இல்லை, சொல்லாமல் இருந்ததுதான் சரி. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தலையில் பஞ்சுத் துணுக்கு ஒட்டிய ஒரு பெண், பக்கத்து ஊர், வேறு கம்பெனி வேனில் போகிறவள், நேராகப் பழனாத்தாளிடம் வந்தாள். "நான் மத்தியானந்தான் வந்தேனுங்க்கா. ஆரம்பத்தை விட்டுட்டேன். இது என்ன புக்குங்க?"

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். புத்தகம் அந்த ஊருக்குப் போனால் யாளியும் அந்த ஊருக்குப் போய்விடும். பழனாத்தாளுக்கும் அது தெரியும். அவள் புத்தகத்தை மாரோடு அணைத்தபடி யாளியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், அது அவளைக் குனிந்து பார்த்தது. அப்புறம், இருபத்தைந்து வருசமாக எவரும் எந்த யோசனையும் கேட்காத பழனாத்தாள், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, புத்தகத்தை அவள் மடியில் வைத்து அழுத்தினாள். கண்ணெல்லாம் மினுங்கியது, மூச்சு வாங்கியது.

"இதை நீ படிச்சே ஆவோணும் கண்ணு. அந்தத் தங்கச்சி இருக்கறாளே, ஐயோ, இல்லை, நான் சொல்ல மாட்டேன். மெதுவாப் படி, ஒண்ணும் அவசரமில்லை. படிச்சுட்டு எங்க வூட்டுக்கு வந்து என்றகூட ஒரு நாள் பூராம் உக்காந்து பேசு, சாமி."